அக்காவின் ஒத்தடம்

“ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு” என்று தங்கையின் காலைப் பார்த்து ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். அக்கா கடவுளிடம் இவ்வளவு காலம் விடாமல் கேட்டது இது ஒன்றைத்தான். அந்த வார்த்தை கடைசியில் ஒரு விளையாட்டரங்கத்தின் பின்பக்கம், ஏசி போட்ட சிறிய அறையில் வந்தது. வந்தபோது தங்கை பரிசோதனைக் கட்டிலில் படுத்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மறுபடி மறுபடி மடக்கிப் பாத்துட்டோம்மா,” என்றார் டாக்டர். கடுமையானவர் இல்லை, கெட்ட செய்தி சொல்கிறோம் என்று தெரிந்து மெதுவாகவே சொன்னார். “இந்தப் போட்டியில ஓடறதுக்கு, கால்ல குறைஞ்சது இவ்வளவு இறுக்கம் இருக்கணும்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. இவங்க கால்ல அது வரல.”

“ஃபைல்ல இருக்கே டாக்டர். பொறந்தப்போ மூச்சு நின்னு போச்சு, மூளையில அடின்னு எழுதியிருக்கே. ஸ்கேன் கூட இருக்கு,” என்றாள் அக்கா.

“இருக்கு. பாத்தேன். ஆனா ஃபைல் சொல்றத எங்க கையும் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நாங்க கையெழுத்துப் போட முடியும்.”

தங்கைக்குக் கொக்கு என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்தது. இடது குதிகால் தரையில் படியாமல், மைதானத்து மூலையில் வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நின்றிருந்தவளைப் பார்த்து வைத்தார்கள். முதல்நாள் அழுதுகொண்டு வந்தாள். அக்கா அந்தப் பெயரை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டாள். கொக்கு, சாப்பிட வா. கொக்கு, விளக்கை அணை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதன் முள்ளையெல்லாம் மழுக்கிவிட்டாள். இப்போது வேறு யாராவது இயற்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கொக்குக்குத் திக்கென்றிருக்கும்.

வளர்ந்த பிறகு, உடற்குறை உள்ளவர்களுக்கான ஓட்டப்பந்தயம் என்று ஒன்று இருப்பது தெரிந்து அவள் ஓடத் தொடங்கினாள். உள்ளூரில் எல்லாம் டாக்டர் சீட்டைப் பார்த்தே ஓட விட்டார்கள். இது பெரிய போட்டி. இங்கே யார் எந்தப் பிரிவில் ஓடலாம், யாருக்கு எந்த அளவு குறை என்று டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள். பாதத்தைச் சட்டென்று மேலே மடக்கி, தசை எதிர்த்துப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பிடிதான் சாட்சி. அன்று காலை கொக்கின் பாதம், எண்ணெய் போட்ட கதவு போல, மடக்கிய பக்கமெல்லாம் போனது.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் மாஸ்டர் நின்றிருந்தார். கழுத்தில் விசில் தொங்கும் ஒல்லியான மனிதர். அவர் தூங்கும்போதும் விசிலைக் கழற்றுவதில்லை என்பது கொக்கின் கண்டுபிடிப்பு. கூலி எதுவும் வாங்காமல், வருடக்கணக்காகச் சாயங்காலங்களில் அவளை ஓட வைத்தவர். செய்தியைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

“அது எப்படி? நான் பாக்கறேனே தினமும். காலைல என்ன பண்ணீங்க? மாத்திரை ஏதாவது போட்டாளா?”

“ஒண்ணும் பண்ணல மாஸ்டர். எழுந்தா, குளிச்சா, ஒத்தடம் குடுத்தேன், சாப்டா, வந்தோம்.”

“என்ன குடுத்தீங்க?”

“ஒத்தடம். எப்பவும் குடுக்கறதுதான். இன்னிக்கு ரூம்ல குளிர் ஜாஸ்தி, கால் மரக்கட்டையா இருந்துச்சு. அதான் கிளம்பறப்போ இன்னொரு தடவை வச்சேன். பெஞ்சுல உக்காந்திருந்தப்போ கூட துண்டு சுத்தித்தான் இருந்துச்சு. கூப்பிட்டாங்க, எடுத்துட்டேன்.”

மாஸ்டர் விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதவில்லை. பிறகு கீழே விட்டார்.

“அக்கா, சூடு பட்டா தசை இளகும். கொஞ்ச நேரத்துக்கு இறுக்கமே தெரியாது. இறுக்கத்தக் காட்ட வேண்டிய இடத்துக்கு, நீங்க அத இஸ்திரி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

கொக்கு சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு வேலையே ஒரு பெரிய சலவையகத்தில் இஸ்திரி போடுவதுதான்.

“மருந்து, சிகிச்சை ஏதாவது எடுத்தீங்களான்னு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. இல்லன்னு சொன்னோம்.”

“ஏன் இல்லன்னு சொன்னீங்க?”

“ஒத்தடம் சிகிச்சையா மாஸ்டர்?” அக்காவின் குரல் இறங்கியது. “அது தலை வாரி விடற மாதிரி.”

அது உண்மை. அம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவாள். சின்னவளை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்வது பெரியவள் பாடு. தூங்கி எழுந்தால் கொக்கின் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தரையில் வைத்தால் அழுவாள். ஒருநாள் பெரியவள் ஒரு துண்டை மடித்து, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டி, முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் தங்கையின் காலில் சுற்றினாள். அழுகை நின்றது. அன்றிலிருந்து நிற்கவில்லை அந்தத் துண்டு. யாரும் அதற்குப் பெயர் எழுதி வைக்கவில்லை. மருந்தென்று அதை யாரும் நினைத்ததும் இல்லை.

மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விதிப்படி நாளைக்கு வேற டாக்டருங்க ஒரு தடவை பாப்பாங்க. அவங்களும் இதையே சொன்னா முடிஞ்சுது. அப்புறம் எங்கயும் எந்தப் போட்டியிலயும் இவ ஓட முடியாது. நாளைக்குத் தலைகீழா பண்ணுங்க. நல்லா ஐஸ் தண்ணில கால வச்சு எடுத்து, நேரா கூட்டிட்டு வாங்க. கல்லு மாதிரி நிக்கும்.”

“அது தப்பில்லையா?”

“இல்லாததக் காட்டவா சொல்றேன்? இருக்கறதக் காட்டத்தானே சொல்றேன்.”

அக்கா சாயங்காலம் தாங்கள் தங்கியிருந்த விடுதியின் சமையலறைக்குப் போய் ஐஸ் கேட்டாள். சமையற்காரர் வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டே, “யாருக்கும்மா வீக்கம்?” என்றார்.

“வீக்கம் இல்லங்க. வயித்தெரிச்சல்.”

“அப்ப இது பத்தாது,” என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் யாரோ விட்டுப்போன ஒரு தொட்டிச்செடி. கொக்கு கட்டிலில் உட்கார்ந்து வாளியைப் பார்த்தாள்.

“என்னக்கா இது?”

“காலைல இது கரைஞ்சிருக்கும். கரைஞ்சா வேற வாங்கிட்டு வரேன். இன்னிக்கே கால வச்சுப் பழகிக்க.”

“ஈரத்தரையில நின்னாலே அடிக்க வருவ நீ.”

“பேசாம வை.”

கொக்கு வைக்கவில்லை. பிறகு, “ஸ்கூல்ல ரேஸ்ல சேத்துக்க மாட்டாங்க, நொண்டின்னு. இங்க சேத்துக்க மாட்டாங்க, கால் நல்லாருக்குன்னு. நான் எங்கதான்கா ஓடறது?” என்றாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். “நான் உனக்கு நல்லதுதான்டி பண்ணேன்.”

“தெரியும்.”

“தெரியும்னு சொல்லாத. ரெண்டு வார்த்தை திட்டு.”

“போட்டி முடியட்டும், சேத்து வச்சுத் திட்டறேன்.” கொக்கு இடது காலைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணு தோணுதுக்கா. இந்தக் கால் நிஜத்துல எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“என்னடி கேள்வி இது?”

“நீ ஒத்தடம் குடுக்காத ஒரு நாள் சொல்லு.”

அக்கா யோசித்தாள். தனக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில்கூட எழுந்து வந்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். அவளுடைய கல்யாணத்தன்று, ஈரத் தலையோடு, கூப்பிடக் கூப்பிடப் போகாமல், துண்டு சூடாகும்வரை நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகும் கொக்கு அவர்களோடுதான் இருக்கிறாள்; அக்காவின் கணவர் அதைச் சொல்லி இன்றைக்கும் கேலி செய்வார்.

“இல்ல,” என்றாள்.

“எனக்கும் தெரியாது. சூடு வச்சா இல்லன்னு வருது. ஐஸ் வச்சா பெருசா வரும். நடுவுல என்ன இருக்குன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. நாளைக்கு எதுவும் வைக்காத. இருக்கறதோட போறேன்.”

“அதுவும் பத்தாதுன்னுட்டா?”

“பத்தாதுன்னா பத்தாது.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன. ஓடும்போது மட்டும்தான் அந்தக் கால் தன் பேச்சைக் கேட்கிறது என்று அவள் சொல்வாள். அதை நாளை யாரோ நிறுத்தச் சொல்லலாம். அக்கா எழுந்து வாளியைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. அக்கா அதைத் தொட்டிச்செடிக்கு ஊற்றினாள். செடிக்குக் குளிருமோ என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஊற்றினாள். அவள் குணம் அப்படி.

கொக்கு விழித்தபோது கால் வழக்கம்போல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மேலே தூக்கியிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கெண்டைக்கால் தசை தோலுக்குள் எலி போல ஓடியது. அவள் தலையணையை வாயில் வைத்துக் கடித்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டி நாற்காலியில் இருந்தது; துண்டு அதன் பக்கத்தில் மடித்தபடி இருந்தது. அக்காவின் கைகள் தாமாகவே துண்டைத் தேடிப் போயின. அவள் அவற்றை இழுத்து அக்குளில் அடக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

அங்கே நின்று பிரார்த்தனை செய்ய முயன்றாள். இத்தனை வருடமாக, இந்தக் காலைச் சரியாக்கு என்று கேட்டவள், இன்றைக்கு மட்டும் வேண்டாம், அப்படியே வை என்று கேட்பதா? கேட்டால் அவன் என்ன நினைப்பான்? நேற்றுக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாளே என்று நினைக்க மாட்டானா? வாய் வரவில்லை. கடைசியில், “அவளோடது எதுவோ அது இருக்கட்டும். பொய் சொல்லாம வீட்டுக்குப் போயிடணும்,” என்று மட்டும் சொன்னாள். நாம் எதைக் கேட்பது என்று தெரியாத வேளையில் சொல்லும் பிரார்த்தனையைத்தான் கடவுள் மிகவும் கவனமாகக் கேட்பார் என்று நான் நம்புகிறேன்.

பரிசோதனை அறை வாசலில் மாஸ்டர் காத்திருந்தார். “ஐஸ் வச்சீங்களா?” என்று கண்ணாலேயே கேட்டார். அக்கா தலையை ஆட்டி இல்லை என்றாள். அவர் முகம் கறுத்தது. “பொழைக்கத் தெரியாதவங்க,” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

இரண்டாவது டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். பக்கத்தில் அகலமான கைகளோடு ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, நேற்றைய கேள்வியையே கேட்டார்.

“மருந்து, ஊசி, தெரபி, வேற ஏதாவது?”

“இன்னிக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள் கொக்கு. “நேத்தும் இல்லன்னு சொன்னேன். அது சரியில்ல. நேத்து சூடா ஒத்தடம் வச்சுட்டு வந்திருந்தேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். “நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“அது சொல்ல வேண்டிய விஷயம்னு தெரியல.”

“தப்பு என்னோடது டாக்டர்,” என்றாள் அக்கா. “சின்ன வயசுலேர்ந்து நான்தான் வைக்கறேன். அவளுக்கு அது பல் தேய்க்கற மாதிரி.”

“புரியுதும்மா. ஆனா நேத்து இல்லன்னு சொன்னதும் எழுதியிருக்கு, இன்னிக்கு இருந்ததுன்னு சொல்றதும் எழுதுவேன். தெரியாம சொன்னதும் தெரிஞ்சு சொன்னதும் பேப்பர்ல ஒரே மாதிரிதான் இருக்கும். அத நான் மாத்த முடியாது.”

அக்கா இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்யில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கொஞ்சம் முன்புதான் கேட்டிருந்தாள்.

“இன்னொண்ணும் இருக்கு டாக்டர். நேத்து சாயங்காலம் ஐஸ் வாங்கினேன், கால்ல வைக்கறதுக்கு. வைக்கல. அவ வேணாம்னுட்டா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐஸ் யோசனை யாரோடது?”

“வாங்கிட்டு வந்தது நான்தான்.”

“யாரு வாங்கினாங்கன்னு கேக்கல.”

அக்கா தரையைப் பார்த்தாள். ஒரு மழை நாளில் தசை பிடித்துக்கொண்ட கொக்கை மைதானத்திலிருந்து முதுகில் தூக்கிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன மனிதர் அவள் பின்னால் நின்றிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“என்னோடது,” என்றார் மாஸ்டர். “நான்தான் சொன்னேன். இவங்க கேக்கல.”

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். “நீங்க வெளிய இருங்க. உங்களப் பத்தித் தனியா எழுத வேண்டியிருக்கும். கேக்கறதுக்குக் கூப்பிடுவாங்க.”

மாஸ்டர் போனார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் எழுந்து ஏசியை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக் கொக்கின் மேல் போட்டார். “சூடும் வேணாம், குளிரும் வேணாம். கொஞ்ச நேரம் சும்மா படுத்திருங்க. அப்புறம் பாக்கலாம்,” என்றார். அவசரப்படவில்லை. வெளியே வேறு ஓட்டக்காரர்கள் காத்திருக்கும் சத்தம் கேட்டும் அவசரப்படவில்லை. அக்கா மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

பிறகு பிசியோதெரபிஸ்ட் பாதத்தைப் பிடித்தார். மெதுவாக மடக்கினார், வந்தது. கொக்கு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மடக்கினார். பாதி வழியில் கால் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு முறை. மறுபடியும் நிறுத்தியது. பாதத்தை மேலே தள்ளி அப்படியே அழுத்திப் பிடித்தார். கால் தானாகவே அவர் உள்ளங்கையில் தட்டத் தொடங்கியது. உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல, விடாமல், ஒரே சீராக. கொக்கு தலையைத் தூக்கித் தன் காலையே பார்த்தாள். சுத்தியல், அளவு நாடா, நடந்து காட்டுதல், வெளியே கொஞ்சம் ஓடிக் காட்டுதல் எல்லாம் முடிந்தன. டாக்டர் ஒவ்வொன்றையும் தன் கையாலும் மறுபடி செய்து பார்த்தார்.

“இருக்கு,” என்றார். “அளவுக்குக் கொஞ்சம்தான் மேல. ஆனா இருக்கு. ஓடலாம். அடுத்த வருஷம் மறுபடி வரணும், மறுபடி பாப்போம். நேத்து நடந்தது ஃபைல்ல இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் கேள்வி கேப்பாங்க. கோவப்படாம பதில் சொல்லுங்க.”

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். அதுவரை அவர் கைகள் அளக்கும் கைகளாகவே இருந்தன. இப்போது கட்டிலின் பக்கத்தில் வந்து, இன்னும் துடித்துக்கொண்டிருந்த அந்தக் கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப வலிக்குதா?”

“பழகினதுதான் டாக்டர்,” என்றாள் கொக்கு. பிறகு, “இல்ல, வலிக்குது,” என்றாள்.

“தம்பி, கொஞ்சம் வெந்நீரும் துண்டும்,” என்றார் டாக்டர். பிசியோதெரபிஸ்ட் கொண்டுவந்து பிழிந்து நீட்டினார், அக்காவிடம். அக்கா அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஆறவிட்டாள். அப்புறம் சுற்றினாள்.

“நாளைக்கு ஓடறதுக்கு முன்னாடி குடுக்கலாமா டாக்டர்?”

“தாராளமா. ஓடறவளுக்கு வலி இல்லாம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?”

வெளியே பெஞ்சில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். விசிலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். கொக்கு அதைத்தான் முதலில் பார்த்தாள்.

“இருக்காம் மாஸ்டர்,” என்றாள் அக்கா.

வாழ்நாளெல்லாம் இல்லை என்று கேட்க ஆசைப்பட்டவள் அவள். இருக்கிறதாம் என்று தன் வாயால் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

“நீங்க போய்ச் சாப்பிடுங்க. என்னை உள்ள கூப்பிடுவாங்க. எவ்வளவு நேரம் ஆகுமோ. கோச்சா இருக்க விடுவாங்களான்னும் தெரியாது.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“நடந்தத. வேற என்ன சொல்றது, நீங்க ரெண்டு பேரும் சொன்னப்புறம்.” கசப்பாகத்தான் சொன்னார். பிறகு, “பொழைக்கத் தெரியாதவங்கன்னு சொல்லிட்டேன் காலைல. மனசுல வச்சுக்காதீங்க,” என்றார்.

“அது உண்மைதான மாஸ்டர். எங்க வீட்டுக்காரரும் அதான் சொல்வாரு.”

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசிலை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. ஆனால் கொக்கு உட்காரவில்லை. துண்டு சுற்றிய இடது காலைச் சற்றே தூக்கி, சுவரில் சாய்ந்து வலது காலில் நின்றபடி, அந்தக் கதவு திறக்கும்வரை அவர்களோடு காத்திருந்தாள்.